நிலத்தட்டுகள் எவ்வளவு உறுதியானவை? அனடோலியாவும் ஷாமும் காட்டும் சான்றுகள்

2023 பிப்ரவரி 6-ஆம் நாள் அதிகாலை 4.17 மணிக்குத் தென்கிழக்குத் துருக்கியில் 7.8 அளவில் நிலம் நடுங்கியது. ஒன்பது மணி நேரம் கழித்து, மீட்புப் பணியில் இருந்தவர்கள் இடிபாடுகளுக்குள் நிற்கும்போதே, சற்று வடக்கே வேறொரு பிளவில் 7.5 அளவில் இன்னொரு நடுக்கம். துருக்கியில் மட்டும் 50,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வடக்குச் சிரியாவில் மேலும் பல ஆயிரம் பேர். அந்தாக்கியாவின் பழமையான ஹபீபுன் நஜ்ஜார் பள்ளிவாசல் இடிந்து விழுந்தது. ஹலப் கோட்டையும் சேதமடைந்தது.

அந்த வாரம் நம்முடைய வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வரைபடம் சுற்றியது நினைவிருக்கலாம். துருக்கியைச் சுற்றிச் சிவப்புக் கோடுகள், அம்புக்குறிகள், "தட்டுகள் மோதிக்கொண்டன" என்ற ஒரு வரி. கூடவே கோள்கள் நேர்கோட்டில் வந்ததுதான் காரணம் என்ற குரல் பதிவுகளும் வந்தன. கோள்களின் கதையை விட்டுவிடுவோம். அதற்கும் நிலநடுக்கத்துக்கும் தொடர்பு இருப்பதாக எந்த ஆய்வும் நிறுவவில்லை. ஆனால் அந்த வரைபடம் சரியான வரைபடம்தான். அதைப் பார்த்த ஒரு பள்ளி மாணவர் கேட்டால் பெரியவர்கள் பலரும் திணறக்கூடிய கேள்வி ஒன்று அதில் இருக்கிறது: தட்டு முழுவதும் நகர்கிறது என்றால், கோட்டின் மீதிருந்த ஊர்கள் ஏன் நொறுங்கின? அதே தட்டின் நடுவில் இருக்கும் அங்காராவும் கொன்யாவும் ஏன் பிளக்கவில்லை?

இந்தக் கேள்விக்கான விடைதான் நிலத்தட்டுக் கொள்கையின் உயிர்நாடி. இது புரிந்தால்தான் துருக்கி அரசு இஸ்தான்பூலை நினைத்து ஏன் அஞ்சுகிறது என்பதும், விளிம்பிலிருந்து வெகுதொலைவில் இருக்கும் நம் ஊர்களில் வீடு கட்டும்போதுகூட ஏன் நிலநடுக்க விதிகள் கேட்கப்படுகின்றன என்பதும் விளங்கும்.

"உறுதி" என்பதன் பொருள்

தட்டு உறுதியானது என்று நிலவியலாளர்கள் சொல்லும்போது பாறை கடினமானது என்பது மட்டும் அவர்கள் கருத்து அல்ல. ஒரு தட்டின் மேல் எந்த இரண்டு இடங்களை எடுத்துக்கொண்டாலும், தட்டு எவ்வளவு நகர்ந்தாலும் அவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரம் மாறுவதில்லை என்பதே அவர்கள் சொல்வது. பள்ளிவாசலில் ஒரு ஸஃப் முழுவதும் ஒன்றுபோல ஓரடி முன்னே நகர்ந்தால் தோளோடு தோள் நிற்பவர்களுக்கு இடையே இடைவெளி விழாது. முன் ஸஃபுக்கும் இந்த ஸஃபுக்கும் இடையே உள்ள இடம்தான் குறையும். தட்டும் அப்படித்தான். மாற்றம் எல்லாம் இரண்டு தட்டுகளுக்கு நடுவிலேயே நிகழ்கிறது.

பூமியின் மேல்பகுதியில் சுமார் 100 கிலோமீட்டர் தடிமனுக்குப் பாறை ஒப்பீட்டளவில் குளிர்ந்து இறுகியிருக்கிறது. கண்டங்களின் பழைய பகுதிகளில் இந்தத் தடிமன் இன்னும் அதிகம். அதற்குக் கீழே உள்ளதும் பாறைதான், உருகிய குழம்பு அல்ல. ஆனால் சுமார் 1,300 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் அது மிக மிக மெதுவாக இழைந்து கொடுக்கும். மேலே பலகை, கீழே பிசைந்த மாவு என்று வைத்துக்கொள்ளலாம்.

"தட்டு" என்ற சொல்லை 1965-இல் இந்தப் பொருளில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் கனடா நாட்டு அறிஞர் டூஸோ வில்சன். 1967-இல் டான் மெக்கென்ஸியும் ராபர்ட் பார்க்கரும், 1968-இல் ஜேசன் மார்கனும் அதற்குக் கணித வடிவம் கொடுத்தனர். இவர்கள் கையில் எடுத்த கருவி 18-ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லருடையது: ஒரு கோளத்தின் மேல் வளையாத துண்டு ஒன்று எப்படி நகர்ந்தாலும், அந்த நகர்வை ஏதோ ஓர் அச்சைச் சுற்றிய சுழற்சியாகச் சொல்லிவிடலாம். இதன் பயன் பெரிது. தட்டு உண்மையிலேயே உறுதியானது என்றால், அதன் மேல் ஓரிரு இடங்களில் அளந்தாலே போதும். மற்ற எல்லா இடங்களும் எவ்வளவு நகரும், ஒவ்வொரு விளிம்பிலும் ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி சேரும் என்று காகிதத்திலேயே கணக்கிட்டுவிடலாம். கணக்கும் களமும் ஒத்துப்போகின்றனவா என்பதுதான் அடுத்த கேள்வி.

அனடோலியா: அளந்து பார்த்த தட்டு

துருக்கியின் பெரும்பகுதி அனடோலியா என்ற சிறிய தட்டின் மேல் இருக்கிறது. தெற்கிலிருந்து அரேபியத் தட்டு வடக்கு நோக்கி நெருக்க, வடக்கே யுரேசியத் தட்டு விலகாமல் நிற்க, நடுவில் அகப்பட்ட அனடோலியா மேற்கே நழுவுகிறது. இரண்டு விரல்களுக்கு இடையே அழுத்திய புளியங்கொட்டை நழுவி ஓடுவதை இதற்கு உவமையாகச் சொல்வார்கள். என் பார்வையில் அந்த உவமை பாதிதான் பொருந்துகிறது. தள்ளுவதால் மட்டும் நகர்கிறது என்றால் மேற்கே போகப் போக வேகம் குறைய வேண்டும். அளந்து பார்த்தால் ஏஜியன் கடலை நெருங்க நெருங்க வேகம் கூடுகிறது. கிரீட் தீவுக்குத் தெற்கே கடல்தளம் அடியில் அமிழ்வதால், அந்தப் பக்கமிருந்து ஓர் இழுப்பும் இருக்கிறது.

இந்தத் தட்டு இருப்பதை முதலில் உணர்ந்தவர் செயற்கைக்கோள் எதுவும் இல்லாத காலத்தவர். இஹ்ஸான் கெட்டின் என்ற துருக்கிய நிலவியலாளர், 1939-இல் எர்ஸின்ஜான் நகரைத் தரைமட்டமாக்கிச் சுமார் 33,000 பேரைப் பலிகொண்ட நடுக்கத்தையும் அதைத் தொடர்ந்து வந்தவற்றையும் ஆராய்ந்தார். எல்லா இடங்களிலும் பிளவின் தென்பக்கம் மேற்கு நோக்கியே நகர்ந்திருந்தது. அப்படியானால் தெற்கே உள்ள நிலம் முழுவதும் ஒரே துண்டாக மேற்கே போகிறது என்று 1948-இல் எழுதினார். "தட்டு" என்ற சொல் பிறக்க இன்னும் 17 ஆண்டுகள் இருந்தன. நம் பாடநூல்களில் இந்தப் பெயரைக் காண முடிவதில்லை என்பது ஒரு குறை.

பிறகு ஜி.பி.எஸ். வந்தது. பாறையில் அடித்த ஆணியின் இடத்தை மில்லிமீட்டர் அளவில் ஆண்டுதோறும் அளந்தார்கள். 2000-ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது: வட அனடோலியப் பிளவில் ஆண்டுக்குச் சுமார் 24 மில்லிமீட்டர் நகர்வு, கிழக்கு அனடோலியப் பிளவில் சுமார் 9 மில்லிமீட்டர், நடு அனடோலியாவுக்கு உள்ளே ஏற்படும் நெளிவோ 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. மாணவரின் கேள்விக்கு விடை இதுதான். நடுவில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து நகர்கிறார்கள், அதனால் அவர்களுக்கு எதுவும் தெரிவதில்லை. முழுத் தட்டின் கணக்கையும் விளிம்பில் இருக்கும் ஒடுங்கிய கீற்றுதான் தீர்க்க வேண்டியிருக்கிறது.

விளிம்பு எப்படி வளைகிறது

இங்கே ஒரு நுட்பம். விளிம்பு ஒவ்வோர் ஆண்டும் 9 மில்லிமீட்டர், 24 மில்லிமீட்டர் என்று வழுக்கிக்கொண்டே இருந்தால் யாருக்கும் தொல்லை இல்லை. சில இடங்களில் அப்படியும் நடக்கிறது. வட அனடோலியப் பிளவின் மேல் இஸ்மெத்பாஷா என்ற சிற்றூரில் ரயில்வே வளாகச் சுவர் ஒன்று எந்த நடுக்கமும் இல்லாமலேயே ஆண்டுக்கு ஆண்டு சில மில்லிமீட்டர் பிசகிக்கொண்டே வந்தது. 1970-வாக்கில் அதைக் கவனித்து எழுதியவர் நிக்கோலஸ் அம்பிரேசிஸ். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வருவார்.

ஆனால் பெரும்பாலான இடங்களில் மேலே உள்ள 15 முதல் 20 கிலோமீட்டர் ஆழம் வரை இரண்டு பாறைகளும் ஒன்றையொன்று கவ்விப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதற்குக் கீழே வெப்பம் அதிகம் என்பதால் பாறை சத்தமின்றி நழுவிவிடும். தட்டு நகர, அடிப்பகுதி நழுவ, மேல்பகுதி மட்டும் பிடிவிடாமல் நிற்கும்போது, பிளவின் இருபுறமும் பல பத்துக் கிலோமீட்டர் அகலத்துக்கு நிலம் மெல்ல வளைகிறது. கண்ணுக்குத் தெரியாத வளைவு. மூங்கில் பிரம்பை இரு கைகளாலும் வளைத்துப் பிடித்திருப்பது போன்றது அது. பிடி தாங்கும் எல்லையைத் தாண்டியதும் பிளவு அறுந்து, நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்தது சில விநாடிகளில் விடுபடுகிறது. 1906-இல் சான்பிரான்சிஸ்கோ நடுக்கத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த நில அளவைகளை ஒப்பிட்டு இதைக் கண்டு சொன்னவர் ஹாரி ரீட். அவருடைய விளக்கம் இன்றும் நிற்கிறது.

ஆக, விளிம்பில் இரண்டு வகை மாற்றம் உண்டு. ஒன்று தற்காலிக வளைவு. நடுக்கத்தில் அது நிமிர்ந்துவிடும். மற்றது நிரந்தரப் பெயர்ச்சி. பிளவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பின்னர் ஒருபோதும் பழைய இடத்துக்குத் திரும்பா.

2023 நடுக்கத்துக்குப் பின் ஓர் ஆலிவ் தோப்பு நடுவே பெரும் பள்ளமாகப் பிளந்து கிடந்த காணொளியை உலகமே பார்த்தது. ஹத்தாய் மாகாணத்தில் தெபெஹான் என்ற ஊர். அதுதான் தட்டின் எல்லை என்று பலர் பகிர்ந்தார்கள். அது எல்லை அல்ல, அதிர்ச்சியில் சரிந்த நிலச்சரிவு. உண்மையான பிளவைக் காட்டும் படங்கள் இவ்வளவு பரபரப்பாக இருக்காது: நேராகப் போகும் தார்ச்சாலை, ரயில் தண்டவாளம், வயல் வரப்பு ஆகியவை ஒரு கோட்டில் வெட்டுப்பட்டு, மறுபாதி சில மீட்டர் பக்கவாட்டில் தள்ளி நிற்கும். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில மீட்டர்தான் சுமார் 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்துக்கு ஒரே காலையில் நிகழ்ந்தது.

நேரான ஒன்றைப் பிளவின் குறுக்கே கட்டிவைத்துவிட்டால் அது தானாகவே அளவுகோல் ஆகிவிடும். இதற்கு நான் அறிந்தவரையில் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஷாம் தேசத்தில் இருக்கிறது. மேல் ஜோர்தான் நதியின் ஒரு துறையில், பைத்துல் அஹ்ஸான் என்று அறியப்பட்ட இடத்தில், சிலுவைப் படையினர் 1178-இல் ஒரு கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். டமாஸ்கஸுக்குப் போகும் வழியை மறிப்பது நோக்கம். கட்டி முடிப்பதற்குள் 1179 ஆகஸ்டில் சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி முற்றுகையிட்டுச் சில நாட்களில் அதைக் கைப்பற்றி இடித்துவிட்டார். எஞ்சிய சுவர்கள் அப்படியே கிடந்தன. கட்டியவர்களுக்கும் தெரியாது, இடித்தவர்களுக்கும் தெரியாது: கோட்டையின் அடியில் நேராக ஓடுகிறது சாக்கடல் பிளவு. அதுவே அரேபியத் தட்டின் மேற்கு விளிம்பு.

1990-களில் தொல்லியலாளர்களும் நிலவியலாளர்களும் சேர்ந்து தோண்டியபோது, நேராகக் கட்டப்பட்ட மதில்கள் 2.1 மீட்டர் பக்கவாட்டில் விலகியிருந்தன. 1202 மே 20 அதிகாலையில், அதாவது ஹிஜ்ரி 598-இல், ஷாமையும் மிஸ்ரையும் உலுக்கிய நடுக்கத்தில் 1.6 மீட்டர், 1759-இல் வந்த நடுக்கத்தில் எஞ்சிய அரை மீட்டர் என்பது அவர்கள் முடிவு. கட்டிய நாளும் வீழ்ந்த நாளும் வரலாற்றில் துல்லியமாகப் பதிவாகியிருப்பதால், ஓர் எல்லை இத்தனை ஆண்டில் இத்தனை நகர்ந்தது என்று இவ்வளவு உறுதியாகச் சொல்ல உலகில் வேறு இடங்கள் அதிகம் இல்லை. சாக்கடல் பிளவில் ஆண்டுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் நகர்வு. 800 ஆண்டுகளுக்கு 4 மீட்டர் வர வேண்டும். மதில் காட்டுவது 2.1 மீட்டர். மீதியில் ஒரு பங்கு அக்கம்பக்கத்துக் கிளைப் பிளவுகளில் செலவாகியிருக்கலாம். ஒரு பங்கு இன்னும் வளைவாகச் சேமிப்பில் இருக்கிறது.

கிதாபுகள் வைத்திருந்த கணக்கு

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இமாம் சுயூத்தி (ரஹ்) என்றதும் தஃப்ஸீர் ஜலாலைன் நினைவுக்கு வரும். அவர் நிலநடுக்கங்களுக்காகவே தனியாக ஒரு நூல் எழுதினார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 'கஷ்ஃபுஸ் ஸல்ஸலா அன் வஸ்ஃபிஸ் ஸல்ஸலா' என்பது அதன் பெயர். தமக்கு முந்திய வரலாற்று நூல்களில் இருந்த செய்திகளையெல்லாம் ஆண்டு வாரியாகத் தொகுத்திருக்கிறார். எந்த ஊர், என்ன இடிந்தது என்ற செய்திகள். ஹிஜ்ரி 911-இல் (1505) அவர் மறைந்தார். அந்த நூல் 1843-இலேயே கல்கத்தாவின் ஆசியச் சங்க இதழில் ஆங்கிலத்தில் வந்துவிட்டது.

இந்தப் பதிவுகளின் மதிப்பு 20-ஆம் நூற்றாண்டில்தான் முழுமையாக உணரப்பட்டது. நிலநடுக்கத்தை அளக்கும் கருவிகளுக்கு நூறு ஆண்டுச் சொச்ச வயதுதான். அந்த நூறு ஆண்டுகளில் கிழக்கு அனடோலியப் பிளவில் மிகப் பெரிய நடுக்கம் ஒன்றும் வரவில்லை. வடக்கே 1939 தொடங்கி 1999 வரை பிளவு கிழக்கிலிருந்து மேற்காகத் துண்டு துண்டாக அறுந்துகொண்டே போனதால் எல்லோர் கவனமும் அங்கேயே இருந்தது. கிழக்குப் பிளவு அமைதியானது என்ற எண்ணம் பரவியது.

அம்பிரேசிஸ் இதை ஏற்கவில்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பணியாற்றிய அவர் அரபு, சிரியாக், கிரேக்க, உதுமானியப் பதிவுகளைப் பல பத்தாண்டுகள் அலசியவர். 1114-இல் மர்அஷ் நகரம் அழிந்தது, 1170-இல் ஹலப் முதல் ஹம்ஸ் வரை கோட்டைகள் சரிந்தன, 1822-இல் ஹலபும் அந்தாக்கியாவும் பாழாயின, 1872-இல் அந்தாக்கியாவை ஒட்டிய அமிக் சமவெளி குலுங்கியது. இவற்றையெல்லாம் வரைபடத்தில் வைத்துப் பார்த்து, தென்கிழக்குத் துருக்கியின் அமைதி தற்காலிகமானது என்று 1989-இல் கட்டுரை எழுதினார். கட்டுரையின் தலைப்பே கிட்டத்தட்ட அதுதான். அது வெளியாகி 34 ஆண்டுகளுக்குப் பின் அதே மர்அஷ் (இன்றைய கஹ்ரமான்மராஷ்) மாகாணத்தில் பஸார்ஜிக் அருகே நிலம் அறுந்தது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். பஸார்ஜிக் பகுதியில் அதற்கு முந்திய பெரிய நடுக்கம் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. ஆண்டுக்கு 9, 10 மில்லிமீட்டர் வீதம் 500 ஆண்டுகளுக்கு 4 முதல் 5 மீட்டர். 2023-இல் பிளவின் பல இடங்களில் நகர்ந்ததும் ஏறத்தாழ அந்த அளவுதான். சில இடங்களில் அதைவிடக் கூடுதல். தட்டு உறுதியானது என்ற ஒரே அனுமானத்திலிருந்து புறப்பட்ட கணக்கு இவ்வளவு தூரம் பொருந்துகிறது. நாளும் நேரமும் அந்தக் கணக்கில் வராது. பாக்கி எவ்வளவு என்பது மட்டும் வரும்.

அதனால்தான் இஸ்தான்பூல். 1999 ஆகஸ்ட் 17-இல் இஸ்மித்தில் 17,000-க்கும் மேற்பட்டோர் இறந்த நடுக்கத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, ராஸ் ஸ்டெயின், அய்குத் பர்க்கா, ஜேம்ஸ் டீட்ரிச் மூவரும் வரிசை மேற்கு நோக்கி வருவதையும் இஸ்மித் அருகே அழுத்தம் கூடியிருப்பதையும் எழுதியிருந்தனர். இஸ்மித்துக்கு மேற்கே அடுத்த துண்டு மர்மரா கடலுக்கு அடியில், இஸ்தான்பூலின் வாசலில் கிடக்கிறது. உதுமானிய மக்கள் 'சிறிய கியாமத்' என்றே அழைத்த 1509 நடுக்கம் இந்தக் கடலில் பிறந்தது. இங்கே கடைசியாகப் பெரிய நடுக்கம் 1766-இல். 250 ஆண்டுகளுக்கும் மேலான பாக்கி. 2025 ஏப்ரல் 23-இல் மர்மராவில் 6.2 அளவில் ஒரு நடுக்கம் வந்தபோது "அழுத்தம் குறைந்துவிட்டது" என்று சிலர் ஆறுதலடைந்தார்கள். அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு என்பதால், 6.2 என்பது அந்தக் கடனில் வட்டிகூட ஆகாது.

நம்முடைய தட்டு

அனடோலியா கொள்கைக்கு நன்றாக அடங்கிய பிள்ளை. நாம் வாழும் தட்டு அவ்வளவு அடக்கமானது அல்ல.

ஒரு தலைமுறைக்கு முந்திய வரைபடங்களில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஒரே தட்டு. ஆனால் இலங்கைக்குத் தெற்கே, பூமத்திய ரேகையை ஒட்டிய கடல்தளம் அந்த வரைபடத்தோடு ஒத்துப்போகவில்லை. வங்காள விரிகுடாவிலிருந்து வந்து படிந்த வண்டல் அடுக்குகளும் அடியில் உள்ள பாறையும் அங்கே 100 முதல் 300 கிலோமீட்டர் இடைவெளியில் அலை அலையாக மடிந்து கிடக்கின்றன. நீளமான பாய் ஒன்றின் முன்முனை சுவரில் முட்டியபின் பின்முனையிலிருந்து தள்ளினால் நடுவில் எழும் மடிப்பைப் போன்றவை. முட்டிய சுவர் இமயமலை. இந்தியா வடக்கே தடைபட, ஆஸ்திரேலியப் பகுதி தொடர்ந்து நகர, நடுவே கடல்தளம் சுமார் 80 இலட்சம் ஆண்டுகளாகப் பிதுங்கிக்கொண்டிருக்கிறது.

1985-இல் டக்ளஸ் வீன்ஸும் உடனிருந்தோரும் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர்: இது ஒரே தட்டு அல்ல. நடுவில் ஓர் எல்லை இருக்கிறது, ஆனால் அது கோடாக இல்லாமல் ஆயிரம் கிலோமீட்டர் கணக்கில் பரவிய பட்டையாக இருக்கிறது. பின்னர் அந்தப் பட்டைக்குத் தென்மேற்கே 'காப்ரிகார்ன்' என்ற மூன்றாவது துண்டும் பிரித்தறியப்பட்டது. அந்தப் பட்டைக்குள் நகர்வு ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான்.

2012 ஏப்ரல் 11 அன்று சென்னையில் அலுவலகங்களிலிருந்து மக்கள் தெருவுக்கு ஓடிவந்ததும், தமிழக, இலங்கைக் கரைகளில் சுனாமி எச்சரிக்கை ஒலித்ததும் நினைவிருக்கும். சுமத்திராவுக்கு மேற்கே, தட்டின் விளிம்பில் அல்ல, "உள்ளே" என்று கருதப்பட்ட கடல்தளத்தில் 8.6 அளவிலும், இரண்டு மணி நேரம் கழித்து 8.2 அளவிலும் நடுக்கங்கள். பக்கவாட்டில் நழுவும் வகையில் கருவிகள் பதிவுசெய்தவற்றிலேயே மிகப் பெரியது அதுதான். ஒன்றுக்கொன்று குறுக்கான பல பிளவுகள் அடுத்தடுத்து அறுந்தன. ஒரு தட்டு இரண்டாகப் பிரியும் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று கிடைக்காது.

ஆனால் அன்று பெரிய சுனாமி வரவில்லை. பக்கவாட்டில் நழுவும் நிலம் மேலே இருக்கும் நீரைத் தூக்குவதில்லை. 2004 டிசம்பர் 26 வேறு கதை. அங்கே எல்லை சாய்ந்த வகை. இந்தியத் தட்டு சுமத்திரா–அந்தமான் தீவுகளுக்கு அடியில் செருகிக்கொண்டு போகிறது. போகும்போது மேலே இருக்கும் தட்டின் நுனியையும் கவ்விக் கீழே இழுத்துக்கொண்டே இருந்தது. பிடி அறுந்ததும் நுனி துள்ளி எழுந்தது, மேலே இருந்த கடலையும் தூக்கியது. பிரம்பு நிமிர்ந்த அதே கதைதான், திசை மட்டும் மேல்நோக்கி. சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு அறுந்த அந்த விளிம்புக்கு நாகப்பட்டினமும், இலங்கையில் அதிக உயிரிழப்பைக் கண்ட அம்பாறை மாவட்டத்தின் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது ஊர்களும் கொடுத்த விலையை இங்கே எழுத வேண்டியதில்லை.

அன்று நிமிர்ந்த வளைவின் தடம் இந்திய மண்ணிலேயே இருக்கிறது. அந்தமான் மேற்குக் கரையில் ஒரு மீட்டருக்கும் மேல் நிலம் உயர்ந்து பவளப் பாறைகள் வெளியே வந்து காய்ந்தன. நுனி எழும்போது பின்பகுதி தாழும் என்பதால், தென்கோடியில் இந்திரா முனைக் கலங்கரை விளக்கம் நின்ற நிலம் 4 மீட்டர் அளவுக்கு அமிழ்ந்தது. கரையில் நின்ற கோபுரத்தின் அடிப்பகுதி அதன்பின் கடல்நீரில் நின்றது.

வடக்கு எல்லையும் கோடு அல்ல. இந்தியாவும் யுரேசியாவும் நெருங்குவது ஆண்டுக்கு 35 முதல் 40 மில்லிமீட்டர். அதில் ஏறத்தாழப் பாதிதான் இமயமலையில் செலவாகிறது. மீதி திபெத்தையும் தாண்டி ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குப் பரவிக்கிடக்கிறது. கடல்தளப் பாறை இறுகியது, கண்டப் பாறை மெலிந்தது. பெரும்பாலும் கடலில் எல்லைகள் ஒடுங்கியும் கண்டத்தில் அகன்றும் இருப்பதற்குக் காரணம் இதுவே.

தென்னிந்தியத் தீபகற்பம் இவற்றுக்கு நடுவே பழைய, குளிர்ந்த, தடித்த துண்டு. உறுதியானது என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் முழு உறுதி எங்கும் கிடையாது. 1900 பிப்ரவரி 8-இல் கோவைப் பகுதியில் 6 அளவை ஒட்டிய நடுக்கம் ஒன்று வந்தது. 1993 செப்டம்பர் 30-இல் லாத்தூரில் 6.2 அளவுதான், கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகளுக்குள் தூங்கிக்கொண்டிருந்த 7,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இத்தகைய இடங்களில் சேர்மானம் மிக மெதுவானது. ஒரு நடுக்கத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இருக்கலாம் என்பதால் கிதாபுகளிலும் தடயம் கிடைக்காது.

உறுதிக்கு இன்னொரு விளைவும் உண்டு. இறுகிய பழைய பாறையில் அதிர்வு எளிதில் அடங்குவதில்லை, வெகுதொலைவு போகும். 2001 ஜனவரி 26 பூஜ் நடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அகமதாபாத்தில் பல மாடிக் குடியிருப்புகள் சரிந்தன. விழுந்தவற்றில் பல, தரைத்தளத்தைக் கார் நிறுத்த வெறும் தூண்களோடு விட்டுவிட்டு மேலே சுவர்கள் எழுப்பிய கட்டடங்கள். மேல்தளங்கள் சுவர்களால் விறைத்து நிற்க, அசைவு முழுவதும் அந்த ஒரே தளத்தின் தூண்களில் வந்து விழுந்தது. மறு ஆண்டு, 2002-இல், இந்தியத் தர நிறுவனம் நிலநடுக்க வரைபடத்தைத் திருத்தியபோது சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாறியது. நம் ஊர்களில் இன்று எழும்பும் அடுக்குமாடிகளிலும் தரைத்தளம் பெரும்பாலும் வாகன நிறுத்தம்தான். அந்தத் தூண்களுக்கு எவ்வளவு கம்பி, வளையக்கம்பி எத்தனை அங்குல இடைவெளியில் என்பதை வரைபடம் போடும் பொறியாளரிடம் வாங்குபவர் கேட்டுப் பார்க்கலாம். விதிநூலில் அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது.